யாரோ மாதிரி

யார் என்ன கேட்டாலும் நீங்கள் யாரோ, நாங்கள் யாரோ. பெற்ற மகள் போட்ட உத்தரவு இது. லால்பாக்கில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்த கையோடு உலகம்மை அவரை ஒரு மூங்கில் புதர்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். குரலைத் தணித்துத்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணி மாதிரி இறங்கியது. "அப்பா, எனக்கு இந்த ஆளப் பிடிச்சிருக்கு. இதுக்கு முந்தி ரெண்டு எடம் உங்க வாயாலதான் போச்சு. இதும் போச்சுன்னா இனி நீங்களும் பாக்காண்டாம், நானும் கட்டிக்கிட மாட்டேன். அந்தா, அந்த பெஞ்சுல போயி உக்காருங்க. அம்மா போன் போடுத வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது." சரி என்றார் கோமதிநாயகம். வேறென்ன சொல்ல? ராத்திரி முழுக்கத் தென்காசி பஸ்ஸில் முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்க வந்த உடம்பு, சண்டை போடவும் தெம்பில்லை. தாயும் மகளும் கண்ணாடி மாளிகையைப் பார்த்து நடந்தார்கள். ஆவுடை ஒரு தடவை திரும்பி, தன் உதட்டைத் தானே இரண்டு விரலால் பொத்திக் காட்டிவிட்டுப் போனாள். கட்டின பொண்டாட்டி. செங்கோட்டை அறுவை மில்காரன் அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேசிய வாய் இது. இந்த வாயில் வந்த சோற்றைத்தான் இரண்டு பேரும் தின்றார்கள், அந்தப் பட்டுச்சேலையும் இந்த வாய் வாங்கிக் கொடுத்ததுதான், சரி, போகட்டும், உட்காருவோம்.

உட்கார்ந்ததும் இடுப்பு 'அம்மாடி' என்றது. பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொண்டால் பஜ்ஜி சொஜ்ஜி, பக்கத்து வீட்டுக் கண்ணு, சரிப்படவில்லை என்றால் ஊர் முழுக்கப் பேச்சு. அதனால்தான் கோயில், இல்லாவிட்டால் இந்த மாதிரித் தோட்டம். நாங்கள் சும்மா மரம் பார்க்க வந்தோம், நீங்களும் சும்மா மரம் பார்க்க வந்தீர்கள், யதேச்சையாக எதிர்ப்பட்டோம். பிடித்தால் சொந்தம், பிடிக்காவிட்டால் யாரோ. இரண்டு பக்கத்துக்கும் முகம் கெடாது. நல்ல ஏற்பாடுதான், எவன் கண்டுபிடித்தானோ, வியாபாரம் தெரிந்தவன். எதிரே ஒரு பெரிய இலவமரம். வேரெல்லாம் பலகை பலகையாக ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்க, அதன் இடுக்கில் போய் நின்று ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. என்னத்துக்குடா இதைப் படம் பிடிக்கிறீர்கள், பஞ்சு மரம், தீக்குச்சி சீவுவான், பெட்டி அடிப்பான், ஒரு நிலைக்கதவுக்கு ஆகுமா இது? இந்தப் பக்கம் நிற்கிறதே, அது வைரம் பாய்ந்த சாதி, நிலைக்கு நிலை, உத்தரத்துக்கு உத்தரம், அதை ஒரு பயல் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகடு. பேர், குடும்பம், சொந்த ஊர். ஜாதகத்தில் இருக்கிறது அத்தனையும் இருக்கிறது, நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. இந்த மரத்துக்குச் சொந்த ஊர் பிரேசிலாம். அங்கேயிருந்து இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறான், அதுவும் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கூடவே யாரும் வரவில்லை, அதோட அப்பன் மரம் அங்கேயே நிற்கும், இல்லை வெட்டியிருப்பான். எழுந்து கிட்டத்தில் போய், கை சும்மா இருக்குமா, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். காக்கிச்சட்டைக்காரன் ஒருவன் விசில் ஊதினான், கன்னடத்தில் என்னவோ கத்தினான். தொடக் கூடாதாம். தொடாமல் எப்படி மரத்தைத் தெரியும்? மறுபடியும் வந்து பெஞ்சில் விழுந்தார்.

தட்டித் தட்டி வளர்ந்த பிழைப்பு. நின்ற மரத்தை நின்றபடி விலை பேசுகிற தொழிலில் கண்ணை நம்பக் கூடாது, இலையை நம்பக் கூடாது. பச்சைப்பசேல் என்று கொப்பும் குழையுமாய் நிற்கும், அடியில் கோடாலி வைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் பொந்து, கரையான் மண். அப்படி ஒரு வாகை மரம் வாங்கித்தான் முதல் வருடம் மண்ணைக் கவ்வினார். மரம் ஏற்றுகிற கூலிக்காரனாக இருந்து, கால் பெருவிரல் நசுங்கி, மேஸ்திரியிடம் அறை வாங்கிச் சேர்த்த காசு மொத்தமும் அந்தப் பொந்துக்குள் போயிற்று. அன்றையிலிருந்து தட்டாமல் எதையும் வாங்கியதில்லை. பிடித்துப்போனால் முதல் காரியமாக முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கோணல் என்பார், கணு அதிகம் என்பார், வண்டி வர வழியில்லை என்பார், மரத்துக்காரனே தன் மரத்தை ஒரு மாதிரி பார்க்கிற வரைக்கும் குறை சொல்வார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் ஆசை தெரிந்துபோகும், ஆசை தெரிந்துபோனால் அவன் சொன்னதுதான் விலை. எத்தனை தோப்பில் இப்படி நடந்திருப்பார், வேலி தாண்டுவதற்குள் 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று பின்னால் குரல் வரும். வந்தே தீரும். ஒரே ஒரு தடவை வரவில்லை. உலகம்மைக்குப் பார்த்த இரண்டாவது இடம், கடையநல்லூர். பேச்சு சூடாகி, சரி கிளம்புகிறோம் என்று எழுந்தார். செருப்பை நிதானமாகப் போட்டார், தெருவில் நிதானமாக நடந்தார், கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள், பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. டீ குடித்தார். பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறாமல் என்ன செய்ய? முதல் இடம் இன்னும் கேவலம், ஆனால் அதில் தன் பக்கம் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார். கோவில்பட்டி மாப்பிள்ளை, ஆள் பார்க்க வாட்டசாட்டம், கேட்ட கேள்விக்கெல்லாம் தாயார் முகத்தைப் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முதுகில், சும்மா ஒரு பிரியத்தில் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டு தட்டுத் தட்டி, 'உள்ள பொந்து' என்றார். சபையில். வாயில் வந்துவிட்டது. அது அங்கேயிருந்து புளியங்குடி, ராஜபாளையம், மதுரை என்று கல்யாண வீடு கல்யாண வீடாகச் சுற்றி, எவனெவனோ சொல்லிச் சிரித்து, அவன் இப்போது இரண்டு பிள்ளைக்கு அப்பன், இவள் இந்த ஊரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து அடுத்தவன் ஆயுசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்நெற்றியில் ஒரு முடி நரைத்திருந்தது. காலையில் மூங்கில் பக்கம் வைத்து அவள் திட்டும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை வீசி வீசி நடக்கிறவர்கள் பெஞ்சைத் தாண்டிப் போனார்கள், ஷூ போட்ட கிழவர்கள், காதில் வயர் மாட்டிய பெண்கள், ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை, சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வந்தார்கள். பார்க்கப் பார்க்கத் தூக்கம் வந்தது. தூங்கக் கூடாது, போன் வரும். வெயில் இலை வழியாக ஒழுகி முழங்கையில் சுட்டது. ஈரமண் வாசனை, எங்கேயோ புல் வெட்டுகிறார்கள், புல் வாசனை வந்தால் போதும், மில்லில் மரத்தூள் வாசனை கூடவே வந்துவிடும், தூளுக்குப் பின்னாலேயே பாவாடை கட்டிய உலகு வருவாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு மரக்கடைக்கு வந்து, அடுக்கிக் கிடக்கிற அறுக்காத மரத் தடி மேல் குப்புறப் படுத்து, அப்பா செய்கிற மாதிரியே முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். "எப்பா, இதுக்குள்ள யாரோ இருக்காவ." பொந்து மரம். அதை அவள் அப்படித்தான் சொல்வாள், யாரோ இருக்கிறார்கள் என்று. கிறுக்கி, உள்ளே யாரும் இல்லை என்றால்தான் அந்தச் சத்தம் வரும் என்று எவ்வளவு சொல்லியும் ஏற்க மாட்டாள். அப்போதெல்லாம் அவளுக்கு இந்த வாய் பிடிக்கும். பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று, அப்பா துண்டை உதறினால் இவளும் பாவாடையை உதறுவாள். எந்த வருடத்தில் பிடிக்காமல் போயிற்று, கோவில்பட்டியிலா, அதற்கு முந்தியே காலேஜ் சேர்க்கப் போய் அந்தப் பிரின்சிபாலிடம் கத்தினாரே அன்றைக்கா? நெஞ்சுக்குள் யாரோ முட்டியால் தட்டுகிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் தின்ற வடை. வடையாகத்தான் இருக்கும். இங்கேயே சாய்ந்தால் யாரோ ஒரு கிழவன் என்று காக்கிச்சட்டைக்காரன் விசில் ஊதுவான், இவர்கள் யாரோ என்று அங்கேயே நிற்பார்கள், உத்தரவு அப்படி. என்ன நினைப்பு இது, தூ.

"உக்காரலாமா?" என்று ஒரு குரல். ஏறிட்டுப் பார்த்ததும் தூக்கம் போயிற்று. வெள்ளைச் சட்டை, சவரம் செய்த மோவாய், பிரம்புக்கூடை மாதிரி ஒரு தொப்பி. மாப்பிள்ளையின் தகப்பனார் திரவியம். ஆவுடையின் போனில் குடும்பப் படம் வந்தபோது பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்த அதே முகம். இந்த முகத்தைப் பெரிசு பண்ணி அவரும் பார்த்திருப்பார், பார்க்காமலா இத்தனை காலி பெஞ்சை விட்டுவிட்டு இங்கே வருவார்? ஆனால் பெண்கள் கைகாட்டும் வரைக்கும் இரண்டு பேரும் யாரோதான், முறை அது.

"கவர்மெண்டு பெஞ்சு," என்றார் கோமதிநாயகம்.

"வெளியூரா அண்ணாச்சி?"

"ஆமா. சும்மா சுத்திப் பாக்க வந்தேன்."

"நானும் சும்மாதான்..." திரவியம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ. பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கோம். அந்தா, கண்ணாடி மாளிகைப் பக்கம் நிக்கிறாங்க. என்னை வீட்டுக்காரி ஓரங்கட்டிட்டா. நான் பேசினா உளறிருவேனாம்."

"உளறுவீயளா?"

"உளறுவேன்."

நல்ல மனுஷன்தான் போல. நல்ல மனுஷன் என்றால்தான் பயம். கெட்டவனோடு பேரம் பேசுவது லேசு. "பொண்ணு எப்பிடி?" என்று கேட்டார், யாரோ மாதிரியே, இலவமரத்தைப் பார்த்தபடி.

"பொண்ணு தங்கம். பையன் அஞ்சாறு மாசமா போன்ல பேசிட்டுத்தான் இருக்கான். எங்களுக்கும் பிடிச்சுப்போச்சு. ஒரே ஒரு இதுதான். பொண்ணுக்கு அப்பா."

"ஏன், அவருக்குக் கை கால் விளங்கலியா?"

"கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்காம். வாய்தான். எங்கேயோ மாப்பிள்ளை முதுகுல தட்டிப் பாத்து, உள்ள பொந்துன்னு சொல்லிட்டாராமே."

"பொந்து இருந்திருக்கும்."

திரவியத்துக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் போய் இருமலாகிவிட்டது. கோமதிநாயகமும் லேசாக உதட்டைச் சுழித்தார். அதற்குமேல் சிரிக்க உள்ளே ஏதோ விடவில்லை. "உங்க பையன் பொண்ணைக் கட்டப் போறானா, அப்பனைக் கட்டப் போறானா?"

"இதையேதான் நானும் வீட்டுல கேட்டேன் அண்ணாச்சி. அவ கேக்க மாட்டேங்கிறா. சண்டைன்னா அவளுக்குக் கை நடுங்கும், அவ பிறந்த வீட்டுல அப்பிடி ஒரு ஆளு இருந்தாரு. நிச்சயம் பேசற அன்னிக்கு அந்தப் பொண்ணோட அப்பா சபையில உக்காராம, வேற பெரியவங்க யாராவது பேசி முடிச்சா நல்லாருக்கும்னு நினைக்கிறா. இதை யாருகிட்ட சொல்றது, எப்பிடிச் சொல்றது? அதான் உங்ககிட்டச் சொல்றேன். யாரோன்னுதான்."

சொல்லிவிட்டார். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். ரத்தம் காதுக்கு ஏறுகிறது கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது, காது மடல் சுடும், அப்புறம் கழுத்து, அப்புறம் வாய் தானாகத் திறக்கும், எத்தனை வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்தில் என்னைத் தின்னிப்பயல் மாதிரி பந்தியில் உட்காரச் சொல்கிறாயா, வெற்றிலைத் தட்டு மாற்றுகிற கை எவன் கை? ஆயத்தமாக ஒரு சங்கதி இருந்தது கையில். இந்தப் பையன் சுதனுக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் மோதிரம் மாற்றி நின்றுபோயிருக்கிறது, பெரியவர்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, தென்காசியிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டார். உலகுவிடம் சொன்னபோது, "அது எனக்குத் தெரியும், போன்ல அவுகளே சொல்லிட்டாவ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தால் என்ன, இந்தத் தொப்பிக்காரருக்கு, எங்களுக்குத் தெரியும் என்பது தெரியாதே. இப்போது எடுத்துப் போட்டால் மனுஷன் தொப்பியைத் தேட வேண்டும். முதலில் குறை சொல்லு, கோணல் சொல்லு, கணு சொல்லு, தன் மகனையே அவர் ஒரு மாதிரி பார்க்கட்டும், அப்புறம் துண்டை உதறி எழுந்து நட. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, எதிராளியின் கண் எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கத்தில் அவரும் கண்ணாடி மாளிகைப் பக்கம் பார்த்தார். ஆவுடையும் அந்த அம்மாளும் ஒரு பூச்செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி அந்தப் பையன், நெட்டையன், கையை ஆட்டி எதையோ சொல்கிறான். உலகு தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இங்கே சத்தம் கேட்காது, ஆனால் அந்தத் தலை சாய்கிற சாய்வு, கழுத்தெல்லாம் தெரிய, அடுக்கின தடி மேல் படுத்திருந்து எழுந்து 'எப்பா, யாரோ இருக்காவ' என்று சிரித்த அதே சாய்வு. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாள் இதை? வீட்டில் இல்லை, தன் முன்னால் இல்லை. போச்சு, காட்டிக்கொடுத்துவிட்டாள். பிடித்துப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லையா இவளுக்கு, பேதை, இப்படிப் பட்டப்பகலில் நடுத்தோட்டத்தில் நின்று சிரித்தால் அவன் சொன்னதுதானே விலை? இனிமேல் என்ன பேரம் இருக்கிறது பேச? காதுச் சூடு தணியவில்லை. ஆனால் அது ஏறின வேகத்தில் வாய்க்கு வராமல் கண்ணுக்குப் போயிற்று. சை, வெயில். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உதறவில்லை.

"அந்த ஆளு ஒத்துக்கிடுவான்," என்றார்.

திரவியம் மெதுவாகத் திரும்பினார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி?"

"நான் அந்த ஊர்க்காரன்தான். தெரியும். அவனுக்கு ஒரு மச்சினன் இருக்கான், கணபதியாபிள்ளை, வாத்தியாரு. மெதுவாப் பேசுவான். நிச்சயத்துக்கு அவன் உக்காந்து தட்டு மாத்துவான். இவன் வாசல்ல நின்னு வாரவங்கள வாங்கன்னு சொல்லுவான், அம்புட்டுத்தான்." நிறுத்தியிருக்கலாம். கேட்ட விலை இவ்வளவுதான். ஆயுசில் கேட்ட விலைக்குமேல் தானாக எடுத்து வைத்தவரில்லை அவர். இன்றைக்கு வாய் நிற்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறமும் அடிக்கடி வந்து உங்க வீட்டுல டேரா போட மாட்டான். பிள்ளைக்குப் பாக்கணும்னு தோணிச்சுன்னா அது அங்க வரும். உங்க வீட்டம்மாவ பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"அதெல்லாம் கேக்கலை அண்ணாச்சி. அவ்வளவு வேண்டாம்."

"இருக்கட்டும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இலவமரத்தைப் பார்த்தார்கள். அந்த ஜோடி போய் வேறு ஜோடி வந்து வேரிடுக்கில் நின்றது. திரவியம் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில், "நல்ல மரம்," என்றார். "நல்ல மரந்தான்," என்றார் கோமதிநாயகம். பெஞ்சைப் பிடித்து எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது, மரத்துப்போன காலைத் தரையில் தட்டித் தட்டி உயிர் வரவழைத்தார்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வாரேன்."

"அண்ணாச்சி, உங்க பேரு?"

"எதுக்கு? யாரோ."

வாசல் பக்கமாக நடந்தார். நடை மட்டும் பழைய நடைதான், அவசரமில்லாமல், தோள் நிமிர்ந்து, பேரம் முடித்தவன் நடை. இந்த முறை பின்னால் இருந்து 'அண்ணாச்சி' என்று குரல் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. வந்தால் எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவோம். நட. தகடு தகடாகப் பேர்கள் கடந்து போயின, பேர், குடும்பம், சொந்த ஊர். கணபதியாபிள்ளைக்கு இன்றைக்கே போன் போட வேண்டும், பயல் சந்தோஷப்படுவான், சந்தோஷப்பட்டதை மறைத்துக்கொண்டு, 'நீங்க இருக்கும்போது நான் எப்படி மச்சான்' என்பான், அதைக் கேட்டு இவர் கத்தாமல் இருக்க வேண்டும். ஆவுடையிடம் என்ன சொல்ல? தொண்டை சரியில்லை என்று சொல்லலாம். கல்யாணம் முடிகிற வரைக்கும் தொண்டை சரியில்லை. மூங்கில் புதர் வந்துவிட்டது. இதைத் தாண்டினால் கண்ணாடி மாளிகை மறைந்துவிடும். திரும்பக் கூடாது. எத்தனை தோப்பு, எத்தனை வேலி, ஒரு தடவையாவது கழுத்து வளைந்திருக்குமா.

திரும்பிப் பார்த்தார்.

உலகு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் திரவியம் மட்டும் இருப்பதையும், அப்பா வாசலுக்குப் போவதையும் பார்த்திருக்கிறாள். சிரித்த முகம் அப்படியே நின்றுபோயிருந்தது. கடையநல்லூரில் அப்பா செருப்பு மாட்டுகிற சத்தத்தைக் கேட்டு, பின்னாலேயே நடந்து பஸ் ஏறியவள். யாருக்கும் தெரியாமல் இடுப்புப் பக்கத்தில் கையை லேசாகத் திருப்பிக் கேட்டாள்: என்ன சொன்னீங்க?

கோமதிநாயகம் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். தலையை ஆட்டினார். ஒன்றும் பேசவில்லை. வாயே திறக்கவில்லை என்று. டீ குடிக்கப் போகிறேன் என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்தார்.

தடியில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் நம்பிவிட்டாள். அந்தப் பையன் மறுபடியும் கையை ஆட்டி எதையோ சொல்லத் தொடங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலை இன்னும் சாயவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலை சாய்கிற வரைக்கும் நின்றார்.